சராசரி மழையை நம்பி விதைக்கலாமா?

களுபோவிலவில் வாடகை அறையில் தங்கி, போதனா வைத்தியசாலையில் பிள்ளைக்கு வைத்தியம் பார்த்துவந்த வன்னி விவசாயக் குடும்பம் ஒன்றைச் சந்தித்தோம். "புது ஊரில் மானாவாரி வயல் குத்தகைக்கு வருகுது. சராசரி மழை காணும் என்று சொல்லுகினம். நம்பி விதைக்கலாமோ?" என்று அந்த ஐயா கேட்டார்.

சொந்த ஊரில் இக்கேள்வி எழாது. எந்த வருடம் குளம் வான் பாய்ந்தது, எந்த வருடம் பயிர் கருகியது என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். இடம்பெயர்ந்தவருக்கு அந்த அனுபவம் துணைக்கு இல்லை. அதற்கு ஈடாக, அந்த ஊரின் பழைய மழைக் கணக்கைக் கேட்டு வாங்கலாம். அதைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம்.

உதாரணத்துக்காக 11 வருடக் காலபோக மழையை மில்லிமீற்றரில் நாமே எடுத்துக்கொள்வோம். வருட ஒழுங்கை விட்டு, சிறியதிலிருந்து பெரியதாக எழுதவேண்டும்:

410, 480, 560, 610, 650, 700, 760, 820, 900, 1010, 1400

எல்லாவற்றையும் கூட்டி 11ஆல் பிரித்தால் சராசரி ஏறத்தாழ 755. ஆனால் 6 வருடங்களில் அந்தளவு மழை பெய்யவில்லை. வெள்ளம் வந்த ஒரு வருடத்தின் 1400 சராசரியை உயர்த்திவிட்டது.

இனிக் காலணைகளைக் காண்போம்.

1. எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டுக: 11 + 1 = 12.
2. அதன் பாதி 6. ஆறாவது எண்ணான 700 இடையம்.
3. அதன் கால்பங்கு 3. மூன்றாவது எண்ணான 560 முதலாம் காலணை.
4. அதன் முக்கால்பங்கு 9. ஒன்பதாவது எண்ணான 900 மூன்றாம் காலணை.
5. 900 − 560 = 340. இது காலணையிடை வீச்சு.

7, 11, 15 வருடக் கணக்குகளில் இது இலகுவாக வரும். வீட்டில் சாதாரண தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் மற்றவற்றையும் செய்து தருவார்.

விவசாயிக்கு முக்கியமானது முதலாம் காலணை. நான்கு வருடங்களில் ஏறத்தாழ மூன்றில் அந்தளவு மழையாவது கிடைக்கும். விவசாயத் திணைக்களம் 2003இல் இலங்கையை 46 வேளாண் காலநிலைப் பிரதேசங்களாகப் பிரித்தபோதும், நான்கில் மூன்று வருடங்களில் எதிர்பார்க்கக்கூடிய மழையையே அளவுகோலாகக் கொண்டது, சராசரியை அல்ல.

காலணையிடை வீச்சு மழை எவ்வளவு மாறிமாறிப் பெய்கிறது என்று காட்டும். இன்னொரு ஊரிலும் இடையம் 700, ஆனால் காலணைகள் 640, 760 என்று வைப்போம். வீச்சு 120 மாத்திரமே. நகையை அடகு வைத்து விதைநெல் வாங்குபவருக்கு இந்த இரண்டாவது ஊரே பாதுகாப்பானது.

இது மொத்த மழையின் கணக்கு மட்டுமே. ஒரே கிழமையில் கொட்டித் தீர்ந்தால் பயிருக்கு உதவாது. ஆகவே மாதவாரியான கணக்கையும் கேளுங்கள்.

குத்தகை பேசமுன் கமநல சேவை நிலையத்திலும், விவசாயப் போதனாசிரியரிடமும், அயல் வயல்காரரிடமும் விசாரியுங்கள். முதலாம் காலணை மழைக்குத் தாங்கும் பயிரையும் நெல்லினத்தையும் தெரிந்தெடுங்கள். அப்படிச் செய்தாலும் நாலில் ஒரு வருடம் மழை குறையலாம். அதற்காகக் கொஞ்ச விதையையாவது வீட்டில் மீதம் வையுங்கள்.