‘எஞ்சின் போய்விட்டது’ என்று விலை பேச முன்…

பழைய வாகனங்களை வாங்கி விற்போருக்கு ‘ஸ்டார்ட் எடுக்காது’ என்ற பேச்சின் பெறுமதி நன்றாகத் தெரியும். அந்தப் பேச்சு வந்தவுடனேயே வாகனத்தின் விலை சரிந்துவிடும். சாதாரண கார் என்றால் காரணத்தைக் கண்டுபிடிக்க அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் போதும். ஆனால் மஸ்டா கம்பனியின் ஆர்.எக்ஸ் 7, ஆர்.எக்ஸ் 8 போன்ற ரோட்டரி எஞ்சின் ஸ்போர்ட்ஸ் கார்களில் கதை வேறு.

நேற்று வரை நன்றாக ஓடிய கார் இன்று காலையில் உயிர் பெறாது. பார்க்க வந்தவர் “கம்பிரஷன் இல்லை, எஞ்சின் போய்விட்டது” என்பார். உரிமையாளர் மனமுடைந்து, கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் நான்கு பிளக்குகளை மாற்றி, கொஞ்சம் ஒயில் விட்டு, அதே காரை ஓட்டிக்கொண்டு போவார். இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. “பெற்றோல் கொஞ்சம் கூடிவிட்டது, வேறொன்றுமில்லை” என்ற பேச்சை நம்பி, உண்மையிலேயே தேய்ந்துபோன எஞ்சினை நல்ல விலைக்கு வாங்கி மாட்டிக்கொள்வோரும் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு நட்டங்களுக்கும் காரணம் ஒன்றுதான். பெற்றோல் கூடி அடைபட்ட எஞ்சினும், தேய்ந்துபோன எஞ்சினும் திறப்பைத் திருப்பும்போது ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும். முதலாவதைச் சீராக்க நான்கு பிளக்கும் சில மணி நேரமும் போதும். இரண்டாவதற்கு எஞ்சினையே இறக்க வேண்டும். இரண்டையும் பிரித்தறியும் வழியைத்தான் இவ்வாரம் பார்க்கப் போகிறோம்.

இது எப்படிப்பட்ட எஞ்சின்?

ஜேர்மனியரான பீலிக்ஸ் வாங்கெலின் எண்ணத்தில் உருவான இந்த எஞ்சின், என்.எஸ்.யூ. என்ற ஜேர்மன் கம்பனியில் 1957ஆம் ஆண்டு முதன்முதலாக ஓடியது. அக்கம்பனி 1967இல் வெளியிட்ட ரோ 80 என்ற காரில் எஞ்சின் சீல்கள் விரைவாகத் தேய்ந்தன. உத்தரவாதக் காலத்துக்குள் எஞ்சின்களை மாற்றிக் கொடுத்த செலவு கம்பனியைத் தள்ளாட வைத்தது. 1969இல் அது வொக்ஸ்வேகன் குழுமத்துக்குள் சேர்க்கப்பட்டது. நல்லதொரு கண்டுபிடிப்பு, சரியாகப் பதப்படுத்தப்பட முன் சந்தைக்கு வந்தால் என்னவாகும் என்பதற்கு வியாபார உலகில் இது ஒரு பாடமாகும்.

ஹிரோஷிமாவிலுள்ள மஸ்டா கம்பனி மாத்திரம் விடாமல் முயன்றது. 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட், 1978 முதல் 2002 வரை ஆர்.எக்ஸ் 7, 2003 முதல் 2012 வரை ஆர்.எக்ஸ் 8 என்று கார்களை வெளியிட்டது. 1991இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ரோட்டரி எஞ்சின் பூட்டிய மஸ்டா 787பி முதலிடம் பெற்றது.

இந்த எஞ்சினில் பிஸ்டன் இல்லை, வால்வும் இல்லை. முட்டை வடிவில், நடுவில் சற்று ஒடுங்கிய ஓர் அறைக்குள் முக்கோண வடிவான ரோட்டர் சுழல்கிறது. ஆர்.எக்ஸ் 8இல் இப்படி இரண்டு ரோட்டர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்து 1308 சி.சி. ரோட்டரின் மூன்று முனைகளிலும் மெல்லிய சீல்கள் இருக்கின்றன. இவை அறையின் சுவரோடு உரசியபடி ஓடி அமுக்கத்தைக் காக்கின்றன. அமுக்கம் வெளியேறாமல் இருப்பதற்கு சீல் மட்டும் போதாது. சுவரிலே படிந்திருக்கும் மெல்லிய ஒயில் படலமும் வேண்டும். விஷயமெல்லாம் இந்தப் படலத்தில்தான் தங்கியிருக்கிறது.

பெற்றோல் ஏன் கூடுகிறது?

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது காரின் கணினி வழமையைவிட அதிக பெற்றோலைக் கொடுக்கும். எஞ்சின் சூடேறும் வரை ஓடினால் அது எரிந்து போய்விடும். ஆனால் ஸ்டார்ட் செய்து, பத்து யார் நகர்த்தி, உடனே நிறுத்திவிட்டால் எரியாத பெற்றோல் அறைக்குள் தங்கிவிடும். அது சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும். ஒயில் போனால் சீல் அமுக்கத்தைப் பிடிக்காது. பிளக்குகளும் நனைந்துவிடும். அடுத்த முறை திறப்பைத் திருப்பும்போது அமுக்கமும் இல்லை, பொறியும் சரியாக இல்லை. திருப்பத் திருப்ப இன்னும் பெற்றோல் உள்ளே வரும், பற்றரியும் இறங்கும். இதைத்தான் கராஜ்களில் ‘எஞ்சின் பிளட் ஆகிவிட்டது’ என்கிறார்கள்.

இங்கே வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரோட்டரி காருக்கு மிக மோசமான இடம் கார் சேல்தான். பின்னால் நிற்கும் வாகனத்தை எடுக்க இதை முன்னே நகர்த்துவார்கள், கழுவுவதற்கு ஓரமாக்குவார்கள், மீண்டும் உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு முறையும் அரை நிமிட ஓட்டம்தான். இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தால் நல்ல எஞ்சினும் மறுநாள் அடம்பிடிக்கும். வீட்டு வாசலில் காரை அடிக்கடி இடம் மாற்றுவோருக்கும் இதே கதிதான்.

சீராக்கும் முறை

முதலாவது, திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரை அடிப்பதை நிறுத்த வேண்டும். பற்றரியை முழுமையாகச் சார்ஜ் செய்துகொள்ள வேண்டும். மெதுவாகச் சுழலும் ரோட்டரி எஞ்சின் எத்தனை முறை அடித்தாலும் பற்றாது.

இரண்டாவது, ஆர்.எக்ஸ் 8 என்றால் எக்ஸலேட்டரை அடிவரை மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். அந்த நிலையில் கணினி பெற்றோல் கொடுப்பதை நிறுத்திவிடும். காற்று மட்டும் உள்ளே சென்று, தேங்கிய பெற்றோலை வெளியே தள்ளும். ஐந்து முதல் பத்து விநாடி வரை சுழற்றி, ஸ்டார்ட்டர் ஆற இடம் கொடுத்து, மீண்டும் செய்யலாம். பின்னர் காலை எடுத்துவிட்டு வழமைபோல் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். இந்த வசதி இல்லாத பழைய மொடல்களில் பெற்றோல் விநியோகத்தை நிறுத்தும் பியூஸைக் கழற்றிவிட்டுச் சுழற்றுவார்கள். எந்த பியூஸ் என்பதை அந்தந்த மொடலின் கைநூலில் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, இதற்கும் சரிவராவிட்டால் பிளக்குகளைக் கழற்ற வேண்டும். ரோட்டருக்கு இரண்டாக மொத்தம் நான்கு பிளக்குகள். மேலே உள்ளவையும் கீழே உள்ளவையும் ஒரே ரகமல்ல. ஆகவே எந்த பிளக் எங்கிருந்து வந்தது, எந்த வயர் எதற்குரியது என்று அடையாளமிட்டுக்கொள்ள வேண்டும். கொயில் இணைப்புகளையும் கழற்றிவிட வேண்டும். பிளக் துவாரங்களால் பெற்றோல் புகைபோலச் சீறி வரும் என்பதால், ஒரு பொறி பட்டாலும் தீப்பிடித்துவிடும். திறந்த வெளியில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, பக்கத்தில் சிகரட்டோ நெருப்போ இல்லாமல், தீயணைப்புக் கருவியைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். பெற்றோல் வெளியே போய் முடியும்வரை சில விநாடிகள் சுழற்றினால் போதும்.

நான்காவது, ஒவ்வொரு ரோட்டர் அறைக்கும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயிலைப் பிளக் துவாரத்தால் விட்டு, எஞ்சினைச் சற்றுச் சுழற்ற வேண்டும். கழுவப்பட்ட ஒயில் படலம் மீண்டும் உருவாகும், சீல் அமுக்கத்தைப் பிடிக்கும். அதன் பின்னர் புதிய பிளக்குகளை, அல்லது நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிளக்குகளைப் பூட்டி, கழற்றிய இணைப்புகளை எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். முதலில் இரைந்து, தடுமாறி, வெள்ளைப் புகை நிறையக் கக்கும். அது உள்ளே விட்ட ஒயில் எரியும் புகை என்பதால் பயப்படத் தேவையில்லை. நன்றாகச் சூடேறும்வரை நிறுத்தாமல் இருப்பதுதான் முக்கியம்.

காரைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் எடுக்க முற்படக் கூடாது. எரியாத பெற்றோல் சைலன்சர் பாதையிலுள்ள கெட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குள் போய் எரிந்தால் அதுவும் பழுதாகும். கடைசியாக ஒயில் குச்சியை முகர்ந்து பாருங்கள். பெற்றோல் மணம் அடித்தால் ஒயிலையும் பில்ட்டரையும் மாற்றிவிட வேண்டும்.

நல்லதா, தேய்ந்ததா?

கார் ஸ்டார்ட் எடுத்துவிட்டது என்பதற்காக விற்பவர் ஆறுதலடையவோ, வாங்குபவர் முற்பணம் கொடுக்கவோ அவசரப்படக் கூடாது. மேலே சொன்ன ஒயில் வைத்தியம் தேய்ந்த எஞ்சினையும் சிறிது நேரத்துக்குத் தட்டி எழுப்பிவிடும். ஆகவே ஒயில் விட்ட உடனே பார்க்கும் அமுக்கம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதேபோல் பெற்றோல் கூடிய நிலையில் பார்க்கும் அமுக்கம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். முதலாவது அளவில் வாங்குபவர் ஏமாறுகிறார், இரண்டாவதில் விற்பவர் ஏமாறுகிறார். இரண்டு அளவையும் வைத்து விலை பேசக் கூடாது.

சரியான ஒழுங்கு இதுதான். எஞ்சினைச் சீராக்கி, புகை முற்றாக நின்ற பின் காரை இருபது நிமிடமாவது வீதியில் ஓட்டுங்கள். பின்னர் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து, சூடாக இருக்கும்போதே திறப்பைத் திருப்புங்கள். உடனே பற்றினால் நல்ல அறிகுறி. குளிரில் பற்றி, சூட்டில் நீண்ட நேரம் அடித்தும் பற்றாமல் அடம்பிடித்தால் அநேகமாக சீல்கள் தேய்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம்.

இதற்கு மேல் உறுதி வேண்டுமானால் அமுக்கத்தை அளக்க வேண்டும். சாதாரண பிஸ்டன் எஞ்சினுக்குரிய கேஜ் இங்கே உதவாது. ரோட்டரின் மூன்று முகங்களில் மிகக் கூடிய அளவை மட்டும் அது காட்டும். இரண்டு முகம் நன்றாக இருந்து ஒன்று கெட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியவராது. ரோட்டரிக்கென்றே உள்ள கருவி ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று இலக்கங்களைத் தனித்தனியாகத் தரும். ஆர்.எக்ஸ் 8க்கு மஸ்டா குறித்துள்ள அளவு, எஞ்சின் நிமிடத்துக்கு 250 சுற்றில் சுழலும்போது 830 கிலோபஸ்கால். ஆகக் குறைந்த எல்லை 680. ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே வித்தியாசம் 150ஐத் தாண்டக் கூடாது. அறிக்கையில் ஆறு இலக்கங்களோடு, எந்த வேகத்தில் அளக்கப்பட்டது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வேகம் குறிப்பிடாத இலக்கத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

தேய்மானம் வெறும் வதந்தியுமல்ல. அமெரிக்காவில் 2008இல் மஸ்டா கம்பனியே ஆர்.எக்ஸ் 8 எஞ்சினின் உட்பகுதிக்கான உத்தரவாதத்தை 8 வருடம் அல்லது 100,000 மைல் என்று நீடித்தது. ஒரு கார் அடிக்கடி பிளட் ஆகிறது என்றால் பற்றரி, ஸ்டார்ட்டர், கொயில், பிளக் ஆகியவற்றைப் பாருங்கள். அவையெல்லாம் நன்றாக இருந்தும் திரும்பத் திரும்ப அப்படியே நடந்தால், அது அமுக்கம் குறைந்து வருவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

வராமல் தடுக்க

ஸ்டார்ட் செய்தால் சூட்டு முள் வழமையான இடத்துக்கு வரும்வரை நிறுத்தாதீர்கள். சில யார் நகர்த்துவதற்கு மட்டும் என்றால் கியரை விடுவித்து இருவர் சேர்ந்து கையால் தள்ளுங்கள். தவிர்க்க முடியாமல் குளிரிலேயே நிறுத்த நேர்ந்தால், 3000 சுற்றில் பத்து விநாடி அளவில் பிடித்து, பின்னர் நிறுத்துவது ரோட்டரி உரிமையாளர்களின் வழக்கம். இந்த எஞ்சின் சீல்களை நனைப்பதற்காகத் தானே ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும் என்பதால், இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவையாவது ஒயில் குச்சியைப் பார்க்க வேண்டும். கார் சேல் வைத்திருப்போர் திறப்பிலேயே ‘நகர்த்த ஸ்டார்ட் செய்யாதே’ என்று ஓர் அட்டையைக் கட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

ஆர்.எக்ஸ் 8 உற்பத்தி 2012இலேயே நின்றுவிட்டது. 2023இல் வந்த மஸ்டா எம்.எக்ஸ் 30 ஆர்-ஈ.வி. காரில் ரோட்டரி எஞ்சின் மின்சாரம் பிறப்பிக்க மட்டுமே பயன்படுகிறது, சில்லைச் சுழற்றுவது மோட்டார்தான். நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறக்கப்பட்டாலும், இவ்வளவு பழைய கார்கள் அதன் வழியாக வரப் போவதில்லை. இங்கே இருப்பவைதான் கைமாறிக்கொண்டிருக்கும். ஆகவே விற்பவர் காரை முதலில் சீராக்கி, அமுக்க அறிக்கையோடு விலை சொல்லட்டும். வாங்குபவர் சூட்டில் ஒரு தடவை திறப்பைத் திருப்பிப் பார்த்த பின் முற்பணம் கொடுக்கட்டும். நடுவில் நிற்கும் தரகர், எஞ்சினில் ஒயில் விட்டு எழுப்பியது தெரிந்திருந்தால் அதையும் சொல்லிவிடட்டும். அப்படிச் செய்தால் வாங்கியவர் மறுவாரம் வாசலில் வந்து நிற்கமாட்டார்.