தேயிலை மலைகளில் தாய்மை – 9: வலி சொல்லும் முன் அளவு சொல்லும்

கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பின்னர் குருதியமுக்கம் 140/90 அளவை எட்டி, சிறுநீரில் புரதம் வெளியேறுவது போன்ற உறுப்புப் பாதிப்பின் அடையாளங்களும் சேருமாயின், அந்நிலை முன்சூல்வலிப்பு எனப்படும். அமுக்கம் 160/110ஐத் தொட்டாலோ, கடுந்தலைவலி, கண்மங்கல், மேல்வயிற்று வலி ஆகியன தோன்றினாலோ அது கடுமையான நிலையாகக் கொள்ளப்படுகிறது. நோயின் வேர் நச்சுக்கொடியில் இருப்பதால் பிரசவமே அதற்கு முடிவான தீர்வாகும். அதுவரை வலிப்பையும் மூளைக் குருதிப்பெருக்கையும் தடுத்துத் தாயைக் காப்பதில் பெரும்பங்கு தாதியரைச் சார்ந்தது.

பசறை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளை முதலிய ஊவாவின் தோட்டப் பகுதிகளில் இந்நோய்க்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. கொழுந்துக் கூடையின் கயிற்றை உச்சந்தலையில் தாங்கி வெயிலில் நிற்பவருக்குத் தலைவலியும், நாள் முழுதும் சரிவில் நின்று கொழுந்து பறிப்பவருக்குக் கால்வீக்கமும் புதியவை அல்ல. மேல்வயிற்று வலியோ ‘கேஸ்ட்ரிக்’ என்று ஒதுக்கப்படுகிறது. கிளினிக்குக்குச் செல்லும் நாளில் அன்றைய பேரும் சம்பளமும் போய்விடும் என்ற கணக்கும் இதனுடன் சேர்வதால், கர்ப்பிணி தாமாக முறையிடுவார் எனக் காத்திருக்காமல், அளந்தும் கேட்டும் நோயைக் கண்டறிவதே இங்கு பராமரிப்பின் முதற்படியாகிறது.

அளப்பதற்கும் முறை உண்டு. லயத்திலிருந்து மேடேறி வந்தவரை ஐந்து நிமிடமேனும் அமரச்செய்து, கையை இதய மட்டத்தில் தாங்கி, புயத்தின் பருமனுக்கேற்ற பட்டியைச் சுற்றிய பின்னரே அமுக்கம் பார்க்கப்பட வேண்டும்; களைப்போடு எடுத்த அளவு அமுக்கத்தைக் கூட்டிக் காட்டும், சிறிய பட்டியும் அவ்வாறே பொய் சொல்லும்.

கடுமையான நிலை உறுதியானதும் கர்ப்பிணி பதுளை போதனா வைத்தியசாலை போன்ற விசேட வைத்திய வசதியுள்ள இடத்துக்கு அனுப்பப்படுகிறார். மலைப்பாதையில் பயணம் நீளுமாதலால், வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேற்றின் முதல் அளவைப் புறப்படுமுன்னரே மருத்துவரின் பணிப்பின்படி செலுத்துவது உயிர்காக்கும் செயலாகும். 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான மக்பை ஆய்வு, இம்மருந்து வலிப்பின் அபாயத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைப்பதை நிறுவியது.

முதலில் 4 கிராம் மருந்து நாளத்தின் வழியே மெதுவாகவும், அதன்பின் மணிக்கு 1 கிராம் வீதமும் செலுத்தப்படுவது ஒரு வழக்கமான முறையாகும். மருந்து ஏறும்போது உடலெங்கும் வெப்பம் பரவுமாதலால் அதனை முன்கூட்டியே சொல்லிவைக்கும் தாதி நோயாளியின் அச்சத்தைப் பெரிதும் தணிக்கிறார். அளவு மிகுந்தால் இதே மருந்து மூச்சை அடக்கிவிடும் என்பதால், முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறையாமல் வெளியேறுகிறதா என மூன்றையும் இடைவிடாது கவனித்துப் பதிய வேண்டும். கால் துள்ளல் மறைவதே நஞ்சேறுதலின் முதல் எச்சரிக்கை. அப்போது மருந்தை நிறுத்தி, மருத்துவரை அழைத்து, கட்டிலருகே தயாராக வைத்துள்ள மாற்று மருந்தான 1 கிராம் கல்சியம் குளுக்கோனேற்றைச் செலுத்த வேண்டும். நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து இருப்பதால் சேலைனும் அளவோடுதான் ஏற்றப்படுகிறது.

கருவிகளால் அளக்க முடியாத குறிகளும் உண்டு. கண்முன் பூச்சி பறப்பது போலத் தோன்றுகிறதா, தலை விண்ணென்று தெறிக்கிறதா என்பதை நோயாளியின் வாயால்தான் அறியமுடியும். தாதியரில் பெரும்பாலோர் சிங்களமும், தோட்டத்துக் கர்ப்பிணிகள் தமிழும் பேசும் விடுதியில், இந்த இரண்டு கேள்விகளைத் தமிழில் கேட்கத் தெரிந்திருப்பதும் மருத்துவத் திறனே.

குழந்தை பிறந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதுவது பிழை. குருதிப்போக்கைத் தடுக்கும் எர்கோமெற்றின் அமுக்கத்தை ஏற்றுமாதலால் தவிர்க்கப்பட்டு, ஒக்சிற்றோசினே பயன்படுத்தப்படுகிறது. மக்னீசியமும் பிரசவத்துக்குப் பின் 24 மணிநேரம் தொடர்கிறது. ஆயினும் அமுக்கம் மீண்டும் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில், அதாவது பல தாய்மார் லயத்துக்குத் திரும்பிவிட்ட பின்னராகும். ஆகவே, வீடு செல்லும் நாளில் தாயின் அமுக்க அளவும் மருந்து விவரமும் அப்பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரைச் சென்றடைவதை உறுதிசெய்யும்வரை விடுதித் தாதியின் பணி முடிந்ததாகாது.

(அடுத்த வாரம்: தோட்டத்து மருத்துவிச்சியின் வீட்டுத் தரிசிப்புகள்)