படத்தை உள்ளளவுக்கு ஒப்பச் செய்தல்

எம் இல்லத்தில் முப்பாட்டனார் காலத்து வைத்திய ஏடு ஒன்று இருந்தது. செல்லரித்து அவ்வோலைகள் பொடியாய் உதிர்ந்துபோக, இன்று எஞ்சியிருப்பன அவற்றின் மேலும் கீழும் வைத்துக் கட்டிய இரண்டு மரச்சட்டங்களும், ஓரோலையை மாத்திரம் என் சிறிய தந்தையார் முன்னரே எடுத்துவைத்த ஒரு புகைப்படமுமே. அதனை ஓலையின் மெய்யளவில் அச்சிட்டு அச்சட்டங்களுக்கிடையே வைத்துத் தருமாறு பாட்டியார் என்னைக் கேட்டார். எளிய காரியமென்றே எண்ணினேன்.

கணிப்பொறியிலுள்ள படத்திற்குத் தனக்கென ஓர் அளவில்லை. பிக்சல் என்னும் நுண்கட்டங்களின் அடுக்கே அது. கைபேசியில் விரலளவாகவும் சுவரில் ஆளளவாகவும் தோன்றுவது ஒரே படந்தான். படத்தின் முழு அகலத்தை ஓலையின் நீளமெனக் கொள்ளுதலும் பிழையாம். ஓலையின் இருபுறத்து மேசைப் பலகையும் அதனுள் அடங்குமன்றோ? ஆகலின், மெய்யளவு தெரிந்த ஒரு பொருளைப் படத்தினுள்ளேயே தேடி, அதனை அதன் அளவுக்குக் கொணர்தல் வேண்டும். ஏனைய யாவும் உடன்வந்து தத்தம் அளவை எய்தும். நற்பேறாகச் சிறிய தந்தையார் ஓலைக்கருகே ஓர் அளவுகோலைக் கிடத்தியிருந்தார். நாணயம் வைப்போரும் உளர். ஆயின் நம் ஒரு ரூபாய் நாணயம் 1992ஆம் ஆண்டு வரிசையில் 25 மில்லிமீட்டரும், 2011ஆம் ஆண்டு வரிசையில் 22 மில்லிமீட்டரும் விட்டமுடையது. ஆண்டறியாது அதனை நம்புதல் தகாது.

கிம்ப் முதலிய படச் செயலிகளில் இரு புள்ளிகளுக்கிடையே உள்ள தொலைவை அளக்கும் கருவி உண்டு. அதனால் அளவுகோலின் 0 முதல் 10 சென்டிமீட்டர் வரை அளந்தேன். 1500 பிக்சல் இருந்தது. ஒரு சென்டிமீட்டரை மட்டும் அளந்திருப்பின் 150 பிக்சலே கிடைக்கும். அங்கே கை 3 பிக்சல் பிசகினால் நூற்றுக்கு 2 பங்கு பிழையாம், 10 சென்டிமீட்டரிலோ அப்பிசகு நூற்றுக்கு 0.2 பங்கே. நீண்ட அளவைக் கொள்க என்பது இதனாற்றான்.

எஞ்சியது பள்ளியிற் பயின்ற விகிதக் கணக்கு. சென்டிமீட்டருக்கு 150 பிக்சல் எனின், 2.54 சென்டிமீட்டராகிய அங்குலத்திற்கு 381. படத்தின் அடர்த்தியை அங்குலத்திற்கு 381 எனக் குறித்துவிட்டால், ஒரு பிக்சலும் கூடாமலும் குறையாமலும் 4800 பிக்சல் அகலமுடைய என் படம் 32 சென்டிமீட்டராய் அச்சாகும். அச்சகத்தார் 300 அடர்த்தியே வேண்டுமென்பாராயின், அகலத்தை 3780 பிக்சலாகக் குறைத்தல் வேண்டும்; உயரமும் அதே விகிதத்திற் குறைக, இன்றேல் எழுத்துகள் நசுங்கிவிடும்.

கணக்குச் சரியாயிருந்தும் முதல் அச்சு பிழைத்தது. தாளைச் சட்டத்தின்மேல் வைத்தபோது நீளம் குறைந்தது. கயிறு கோக்கும் துளைகளும் ஒன்றன்மேலொன்று விழவில்லை. பாட்டியார் ஒன்றும் சொல்லாமல் சட்டங்களைத் துணியிற் சுற்றலானார். யான் என் பெருக்கலையே மும்முறை சோதித்தபின்னர்தான், அச்சிலிருந்த அளவுகோலின்மேல் மெய்யான அளவுகோலை வைத்துப் பார்க்கும் அறிவு வந்தது. படத்தின் 10 சென்டிமீட்டர் தாளில் 9 ஆகவே இருந்தது! ஏ4 தாளின் நீளம் 29.7 சென்டிமீட்டரே, 32 சென்டிமீட்டர்ப் படம் அதனுட் கொள்ளாதாகலின், 'தாளுக்குப் பொருத்துக' என்னும் ஏற்பாட்டின்படி அச்சுப்பொறி எவரையும் கேளாது படத்தைச் சுருக்கியிருந்தது.

மறுநாள் 42 சென்டிமீட்டர் நீளமுள்ள ஏ3 தாளில், அவ்வேற்பாட்டை நீக்கி நூற்றுக்கு நூறு என்றே அச்சிடுவித்தேன். அளவுகோல் அளவுகோலோடு பொருந்தியது. ஓலையின் விளிம்பை ஒட்டிக் கத்தரித்துத் துளைகளைக் குத்திச் சட்டங்களுக்கிடையே வைத்தேன். பாட்டியார் பழைய கயிற்றின் நுனியை நாவில் நனைத்து முறுக்கி, மேற்சட்டத்தின் துளையில் விட்டார். அது தாளைக் கடந்து கீழ்ச்சட்டத்தின் வழியே வெளிவந்தது.