உங்களுக்குத் தெரியுமா? பாறையில் எழுதிய ரகசியம்

● நாலு பேருக்கு மட்டுமே பிடிபடும் அறிவை ஆங்கிலத்தில் 'ஆர்க்கேன்' என்பார்கள். லத்தீனில் 'ஆர்க்கா' என்றால் பெட்டி. உள்ளே வைத்துப் பூட்டியதுதான் ஆர்க்கேன்.

● தமிழுக்குப் பெட்டியெல்லாம் வேண்டியிருக்கவில்லை. மறைந்திருப்பது 'மறை'. வேதத்துக்கே அந்தப் பெயர்தான். வடமொழி 'ரகசியம்' பிறந்தது 'ரஹஸ்' என்ற சொல்லிலிருந்து. ஆளில்லாத தனியிடம் என்று பொருள்.

● ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் சொல்லுக்கு இலக்கணத்தில் 'குழூஉக்குறி' என்று பெயர். தட்டார் பொன்னைப் 'பறி' என்பார்களாம். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்களாம். உள்ளே போனால் உள்ளதை உளறவைக்கும் சரக்குக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது!

● பூட்டே இல்லாத ரகசியம் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் வெட்டவெளியில் இருக்கிறது. குடுமியான்மலையில் மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில், ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி பரப்பில் 38 வரிகள். எழுத்து கிரந்தம்; காலம் 7ஆம் நூற்றாண்டு என்பது பொதுவான கணிப்பு. கதையோ, கொடையோ, போரோ இல்லை. முழுக்க முழுக்கச் சுரங்கள்! ஏழு பண்களுக்கு ஏழு பகுதிகள், நான்கு நான்கு சுரமாகக் கோத்தவை. ச, ரி, க என்று நேராக எழுதாமல் ச, சி, சு, செ என்று ஒவ்வொரு சுரத்துக்கும் உயிரெழுத்தை மாற்றியிருக்கிறார்கள். போதாக்குறைக்குச் சில எழுத்துகளின் தலையில் புள்ளி வேறு. எதற்கு? இசை அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக வாதிடுகிறார்கள்.

● வெட்டுவித்தவர் ருத்ராசாரியாரின் சீடரான ஓர் அரசர், சிவபக்தர். பெயரைச் சொல்லவில்லை. மகேந்திரவர்மப் பல்லவன் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். இப்போது பலர் ஒப்புவதில்லை. மாணவர்களின் நன்மைக்காகவே இதைச் செய்ததாக அவரே குறித்திருப்பதுதான் வேடிக்கை.

● கடைசியில் மட்டும் தமிழில் ஒரு வரி: இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்கிறது. எட்டு எது, ஏழு எது? நரம்புகளின் எண்ணிக்கை என்பது ஒரு விளக்கம். அருகிலேயே 'பரிவாதினி' என்று பொறித்திருக்கிறது. அது ஏழு நரம்பு வீணையின் பெயர்.

● திருமயம் குடைவரையிலும் இப்படியொரு இசைக் கல்வெட்டு இருந்தது. பிற்காலத்தில் அதைச் சிதைத்து, அதன் மேலேயே வேறொரு தமிழ்க் கல்வெட்டை வெட்டிவிட்டார்கள். இசையில் மிஞ்சியது சில எழுத்துகள்.