காலில் ஆறு விரலா? நூல் கட்டாதீர்கள்!

குழந்தை பிறந்ததும் பாட்டிமார் முதலில் எண்ணிப் பார்ப்பது விரல்களைத்தான். காலில் ஆறு விரல் என்று தெரிந்தால் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு கிளம்பும். “அதிர்ஷ்டம், அப்படியே விடுங்க” என்பார் ஒருவர். “கிரகணத்தன்னைக்கு வெளியே வந்தியா?” என்று பெற்றவளைக் குடைவார் இன்னொருவர். இரண்டுக்கும் அறிவியலில் இடமில்லை.

கரு உருவான நான்காவது வாரத்தில் கை, கால்களுக்கான மொட்டுகள் அரும்புகின்றன. அடுத்த சில வாரங்களில் அவற்றின் நுனி தட்டையாகி, அதிலிருந்து விரல்கள் பிரிகின்றன. எத்தனை விரல், எது எங்கே என்பதைத் தீர்மானிப்பதில் ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற மரபணுவுக்கு முக்கியப் பங்கு உண்டு. சுண்டுவிரல் பக்கம் மட்டுமே வேலை செய்ய வேண்டிய மரபணு அது. அதை இயக்கும் சுவிட்ச், டி.என்.ஏ. இழையில் ஏறக்குறைய 10 லட்சம் எழுத்துகள் தள்ளி இருக்கிறது. அந்தச் சுவிட்சில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் மரபணு கட்டைவிரல் பக்கமும் விழித்துக்கொள்ளலாம். அங்கே கூடுதல் விரல் முளைக்கும். அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில், எழுத்தாளர் ஹெமிங்வே வாழ்ந்த வீட்டில் திரியும் ஆறு விரல் பூனைகளிடமும் இந்த மாற்றமே காணப்பட்டது. ‘கிளி3’ போன்ற வேறு மரபணுக்களின் மாற்றத்தாலும் கூடுதல் விரல் வரலாம். கிரகணத்துக்கு இதில் பங்கில்லை, இது தாயின் குற்றமும் இல்லை.

காலில் பெரும்பாலும் சுண்டுவிரலை ஒட்டித்தான் ஆறாவது விரல் வரும். கட்டைவிரல் பக்கம் வருவது குறைவு, நடுவில் வருவது அபூர்வம். பல குடும்பங்களில் இது பரம்பரையாகத் தொடர்கிறது. விரல் ஒன்றைத் தவிர வேறு குறையில்லாத குழந்தைகளே அதிகம். என்றாலும் சில மரபணுக் கோளாறுகளில் கூடுதல் விரலோடு இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றிலும் பாதிப்பு இருக்கலாம். ஆகவே குழந்தைநல மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

சில விரல்கள் வெறும் தோலும் சதையுமாகத் தொங்கும். சிலவற்றில் நகமும் எலும்பும் மூட்டும் முழுமையாக இருக்கும். எக்ஸ்ரேயில் பார்த்தால், பாதத்தின் ஒரே எலும்பு நுனியில் கவட்டைக் கிளை போலப் பிரிந்து இரண்டு விரல்களைத் தாங்கிக்கொண்டிருப்பதும் உண்டு. பச்சிளம் குழந்தையின் எலும்புகளில் ஒரு பகுதி இன்னும் குருத்தெலும்புதான். அது எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால்தான் அறுவை சிகிச்சைக்கு மருத்துவர்கள் அவசரப்படுவதில்லை.

நூலால் இறுக்கிக் கட்டி விரலை உதிரவைக்கும் பழக்கம் ஆபத்தானது. சீழ் பிடிக்கலாம், அடிக்கட்டை மிஞ்சலாம், அறுபட்ட நரம்பு முடிச்சிட்டு, ஷூ உரசும்போதெல்லாம் வலிக்கலாம்.

ஷூ அணிவதற்கு இடைஞ்சல் தரும் விரலைப் பொதுவாகக் குழந்தையின் ஒரு வயதையொட்டி, மயக்க மருந்து கொடுத்து அகற்றுவார்கள். ஓரத்தில் இருக்கும் விரலைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. வளர்ச்சி குன்றியது எது என்று பார்த்தே முடிவெடுப்பார்கள். எடுத்த விரலின் தசைநார்களை எஞ்சியதோடு சேர்த்துத் தைத்து, புடைத்த எலும்பைச் செதுக்கிச் சீராக்குவார்கள். இதைச் செய்யாவிட்டால் விரல் போன பிறகும் பாதம் அகலமாகவே இருந்து உரசும். கட்டைவிரல் பக்கம் என்றால் எஞ்சிய விரல் உள்நோக்கி வளையக்கூடும் என்பதால், குழந்தை வளரும்வரை தொடர்ந்து காட்ட வேண்டும்.

தொந்தரவு தராத விரலை அப்படியே விட்டுவிடவும் செய்யலாம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஹெப்டத்லானில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வென்ற ஸ்வப்னா பர்மனுக்கு இரு கால்களிலும் ஆறு விரல்கள். அவரைப் படுத்தியது, ஐந்து விரலுக்கென்று தைத்த ஷூதான்.

அறுவை சிகிச்சை வேண்டுமா, வேண்டாமா என்பதைக் குழந்தையின் பாதத்தைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே இதற்கு நிபுணர்கள் இருக்கிறார்கள். நூலைத் தேடாதீர்கள், தாயைக் குற்றம் சொல்லாதீர்கள்.