மரத்தவளைக்கு ஏற்ற இருப்பிடம்: மரமும் கல்லும் தெரிந்தெடுக்கும் முறை

மாரி தொடங்கியதும் கிணற்றுக் கட்டிலும் வாழை மடலிலும் ஒட்டியிருந்து குரலெழுப்பும் மரத்தவளையைக் கமக்காரர் நன்கு அறிவர். விரல் நுனிகளிலுள்ள வட்டத் தட்டுக்களின் உதவியால் அது வழுவழுப்பான சுவரிலும் ஏறவல்லது. இலங்கைக்கே உரிய ஓர் இனத்தின் முதுகில் உடுக்கைப் போன்ற அடையாளம் காணப்படும். அவ்வினத்தின் பெண் தவளை ஏறக்குறைய 9 சதமமீற்றர் நீளத்துக்கு வளரும். பகலில் ஒதுங்கியிருந்து, இரவில் பூச்சிகளைப் பிடித்துண்பதால் அது தோட்டத்துக்கு உதவியாகின்றது.

சிறுவர் அதனைப் பிடித்துப் போத்தலில் அடைத்து வளர்க்க விரும்புவதுண்டு. அது தகாது. தோட்டத்தின் நிழலான மூலையொன்றில் தக்க இருப்பிடம் அமைத்தால் தவளை தானே வந்து தங்கும். சிறுவரும் அருகிருந்து பார்த்து மகிழலாம். ஆயின் அங்கு வைக்கும் பொருள்களைத் தெரிவதில் மிகுந்த கவனம் வேண்டும்.

காரணம் யாது?

தவளை வாயினால் நீர் பருகுவதில்லை. தோலினால், சிறப்பாக வயிற்றுப்புறத் தோலினால், நீரை உறிஞ்சுகின்றது. ஓரளவுக்குச் சுவாசிப்பதும் தோலினாலேயே. ஆதலின் அது அமரும் மரத்தில் நஞ்சு இருப்பின், அந்நஞ்சு அதன் உடலுட் புகுந்துவிடும்.

விலக்க வேண்டியவை

1. கறையானுக்கு மருந்து பூசிய கம்பங்கள், கிரியோசோற்று ஊறிய பழைய புகையிரதச் சிலிப்பர்க் கட்டைகள், வர்ணமோ வாணிசோ பூசிய பலகைகள்.
2. தில்லை, அலரி, எருக்கு, கள்ளி முதலிய நச்சுப்பால் அல்லது நச்சுச்சாறு உடையவற்றின் கிளைகள்.
3. பைன், கற்பூரம் போன்ற மணமிக்க எண்ணெயோ பிசினோ கொண்ட மரங்கள்.
4. கடற்கரையில் ஒதுங்கிய கட்டைகள். இவற்றில் உப்பு ஊறியிருக்கும்.

ஏற்றவை

நன்கு உலர்ந்த கொய்யாக் கிளை மிகவும் ஏற்றது. அதன் பட்டை வழுவழுப்பானது, மரமும் உறுதியானது. மூங்கிற் குழாய் நல்ல மறைவிடமாகும். உட்புறத்தில் பூஞ்சணம் பிடித்தால் அதனை மாற்றுக. சிரட்டையும் தென்னம் பொச்சும் பயன்படும். களப்பு நீரில் ஊறிய பொச்சாயின், உப்பு நீங்கும்வரை கிணற்று நீரில் பல முறை அலசுக. கிளைகள் தவளையின் உடற் பருமனுக்குக் குறையாதிருத்தல் நன்று. அவற்றைச் சாய்வாக நாட்டி, சரிந்து விழாதவாறு இறுகக் கட்டுக.

மரத்தைத் தூரிகையால் தேய்த்துக் கழுவிக் கொதிநீர் ஊற்றி, வெயிலில் உலர்த்தியபின் வைக்க வேண்டும். சவர்க்காரம் பயன்படுத்தலாகாது.

கற்களும் பாத்திரமும்

விளிம்பு மழுங்கிய உருண்டைக் கற்களையே இடுக. தவளையின் வாயிற் புகக்கூடிய சிறு கற்கள் கூடா; இரையைப் பாய்ந்து பிடிக்கையில் அவற்றையும் விழுங்கிவிடும். உடைந்த கண்ணாடி, கூரிய தகரம், செம்புக் கம்பி, நாகமுலாந் தகடு ஆகியவற்றையும் நீக்குக. புதிய சீமெந்துத் தொட்டியிலிருந்து காரம் கசியும்; பல நாட்கள் நீர் நிரப்பி, அடிக்கடி மாற்றிய பின்னரே அது உதவும். ஆழமற்ற மட்பாத்திரத்தில் கிணற்று நீர் வைத்தால் போதும். கிருமிநாசினி இருந்த போத்தலையோ தகரப் பேணியையோ எவ்வளவு கழுவினும் இதற்குப் பயன்படுத்தற்க.

தொட்டிக்கு மேல் நுரைக்கூடு

மரத்தவளை தன் முட்டைகளை நீருக்கு மேலேயுள்ள கிளையிலோ சுவரிலோ வெண்ணுரைக் கூட்டில் இடும். சில நாட்களில் வாற்பேத்தைகள் கீழே நீரில் விழும். அந்நீரில் தெளிகருவியைக் கழுவியிருந்தால், நல்ல மரம் தெரிந்து நாட்டியும் பயனில்லை. உடுக்கு அடையாளமுடைய மரத்தவளையின் வாற்பேத்தைகளைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர் பரிசோதித்து, 2010 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். குளோர்பைரிபோசு, டைமெதோவேற்று, கிளைபோசேற்று, புரோப்பனில் என்னும் நான்கு மருந்துகளால் அவை இறந்ததையும் அங்கக் குறைபாடு அடைந்ததையும் அவர்கள் கண்டனர்.

ஆகவே தெளிகருவியைக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் வாய்க்காலுக்கும் தொலைவிலேயே கழுவுக. நுரைக்கூட்டைக் கண்டால் கலைக்காது விடுக. ஒரு கொய்யாக் கிளையும் ஒரு மட்பாத்திரமும் செலவற்றவை. நஞ்சு கலவாத நீரும் அவற்றுடன் சேர்ந்தால், அடுத்த மாரியிலும் தோட்டத்தில் மரத்தவளையின் குரல் கேட்கும்.