இலக்கணக்குறிப்பு வினாக்களில் விடை காணும் முறை

தரப்பட்ட சொல் அல்லது தொடரின் இலக்கண வகையைக் கேட்பது இலக்கணக்குறிப்பு வினா ஆகும். பள்ளித் தேர்வுகளிலும் அரசுப் பணித் தேர்வுகளிலும் இவ்வினா இடம்பெறுகிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வில் உள்ள 200 வினாக்களில் 100 வினாக்கள் தமிழுக்குரியவை. இப்பகுதிக்கான 150 மதிப்பெண்ணில் 60 பெறாதவரின் பொது அறிவுப் பகுதி மதிப்பிடப்படுவதில்லை.

எடுத்துக்காட்டுகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்யும் மாணவர், புதிய சொல் வந்தால் தடுமாறுவர். வினா கேட்பது சொல்லின் பொருளை அன்று, அதன் அமைப்பை. சுடுநீர், வெந்நீர் இரண்டுக்கும் பொருள் ஒன்றே. ஆனால் இலக்கணக்குறிப்பு வேறு. சொல்லை விரித்துப் பார்த்தால் இது விளங்கும்.

வினைத்தொகை: முன்சொல் வினையடியாக இருந்து முக்காலத்துக்கும் விரிய வேண்டும். சுட்ட நீர், சுடுகின்ற நீர், சுடும் நீர் என விரிவதால் சுடுநீர் வினைத்தொகை. காலம் வெளிப்படையாகத் தெரியும் 'சுடுகின்ற நீர்' பெயரெச்சத்தொடர், தொகை அன்று.

பண்புத்தொகை: வெந்நீர் என்பதை வெம்மை + நீர் எனப் பிரிக்கலாம். வெம்மை ஒரு பண்பு. 'ஆகிய' என்னும் உருபு மறைந்துள்ளது. செந்தாமரையும் (செம்மை + தாமரை) இவ்வாறே.

உம்மைத்தொகையும் எண்ணும்மையும்: தாய்தந்தை என்பதில் 'உம்' மறைந்துள்ளது, எனவே உம்மைத்தொகை. தாயும் தந்தையும் என்பதில் 'உம்' வெளிப்பட்டு நிற்கிறது, எனவே எண்ணும்மை. தொகுதல் என்றால் மறைதல் என்பதை நினைவில் கொண்டால் இங்குப் பிழை நேராது.

உவமைத்தொகையும் உருவகமும்: உவமை முன்னே நின்றால் (மலரடி: மலர் போன்ற அடி) உவமைத்தொகை. பொருள் முன்னே நின்றால் (அடிமலர்: அடியாகிய மலர்) உருவகம். சொற்களின் வரிசை மாறினால் விடையும் மாறும்.

எனவே விடைகளைப் படிக்கும் முன் சொல்லை விரித்து, எது மறைந்துள்ளது என்று காண வேண்டும். மறைந்தது காலமா, பண்புருபா, 'உம்' என்னும் இடைச்சொல்லா, உவம உருபா என்பதே விடையைத் தரும்.

பயிற்சி: வளர்பிறை, முழுமதி, கயல்விழி, இரவுபகல் ஆகியவற்றை விரித்துப் பாருங்கள். விடைகள் முறையே வினைத்தொகை, பண்புத்தொகை, உவமைத்தொகை, உம்மைத்தொகை.